கழுவுவதற்கு முன்னால் பார்

பழைய வண்டி வாங்கியவன் முதல் நாளே செய்யக் கூடாத வேலை ஒன்று உண்டு. வண்டியைக் கழுவுவது.

என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு ‘பாபி’ வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து என் பட்டறை வாசலில் இறக்கினான். இறக்கிய கையோடு வாட்டர் சர்வீசுக்குத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான். “இரு கண்ணு, ரெண்டு நாளைக்கு அப்படியே நிக்கட்டும்” என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அப்புச்சிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

அழுக்கில் அத்தனை சேதி இருக்கிறது. எண்ணெயும் மண்ணும் சேர்ந்து எங்கே கெட்டியாக அப்பியிருக்கிறதோ, அதற்குச் சற்று மேலே ஒரு பேக்கிங் போயிருக்கிறது. சிலிண்டர் அடியில் ஈரமாக இருந்தால் ஒரு கதை, கியர் ஷாஃப்ட் பக்கம் ஈரமாக இருந்தால் வேறு கதை. போல்ட் தலை பளிச்சென்று தேய்ந்திருந்தால் யாரோ அடிக்கடி கழற்றியிருக்கிறார்கள். சும்மா யாரும் கழற்றுவதில்லை. இதையெல்லாம் பார்த்து, போட்டோ எடுத்து, நோட்டில் எழுதிய பிறகு தண்ணீர் ஊற்று. முதலில் ஊற்றிவிட்டால் சாட்சியை நீயே கலைத்தவன் ஆவாய். வண்டிக்கு மட்டும் சொல்லவில்லை. புது வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஆபீசைத் திருத்தக் கிளம்பும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பாபி என்றால் இன்றைய இளசுகளுக்குத் தெரிய நியாயமில்லை. ஃபரிதாபாத் எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175. ராஜ் கபூர் எடுத்த ‘பாபி’ படம் 1973-ல் வந்தது. அதில் ரிஷி கபூரும் டிம்பிளும் இந்தக் குட்டி வண்டியில் போனதுதான் போனது, கம்பெனி வைத்த பெயர் மறைந்து படத்தின் பெயரே நிலைத்துவிட்டது. உள்ளே இருப்பதென்னவோ பால்காரர்கள் கேன் கட்டி ஓட்டிய பெரிய ராஜ்தூத்தின் அதே 173 சி.சி. டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான்; போலந்து நாட்டு எஸ்.எச்.எல். வண்டியின் வழிவந்தது. மினி பைக் என்ற ஜாதிக்கு வெளிநாட்டில் வேறு பூர்விகம். ஹோண்டா 1961-ல் டோக்கியோவின் தமா டெக் பொழுதுபோக்குப் பூங்காவுக்காக 49 சி.சி.யில் ஒன்று செய்தது. அதன் வாரிசுக்கு ‘மங்கி’ என்று பெயர். அமெரிக்காவில் இரும்புக் குழாயை வளைத்துப் புல்வெட்டி எஞ்சினை மாட்டிப் பையன்களுக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் சினிமா வேண்டியிருந்தது.

உள்ளதைச் சொன்னால், ஓட்ட அப்படியொன்றும் சுகமான வண்டி இல்லை. சின்னச் சக்கரம், பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு வரை தெரியும். ஆனாலும் அதைப் பார்த்தவன் சிரிக்காமல் போனதில்லை. அந்தச் சிரிப்புக்குத்தான் விலை.

மாப்பிள்ளை வந்து பார்த்தார். மெட்டாலிக் சிவப்பு அடித்து, எல்.இ.டி. லைட்டும் டிஸ்க் பிரேக்கும் வைத்துவிட்டால் ஜம்மென்று இருக்கும் என்றார். நான் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசி என்ன ஆகப்போகிறது. பேரனைக் கூப்பிட்டு, டேங்கின் அடிப்பக்கம், சீட்டு மூடும் இடத்தில், வாட்டர் பேப்பரை நனைத்துக் கட்டைவிரல் அகலத்துக்கு மெதுவாகத் தேய்க்கச் சொன்னேன். அழுத்தாமல், வட்டமாக. முதலில் மேலே இருந்த கறுப்பு விலகியது. அதற்கடியில் மங்கலான நீலம், அதற்கும் கீழே பட்டி பூசிய சாம்பல். அப்புறம்தான் ஆரஞ்சு. அதற்குக் கீழே பிரைமர், பிறகு தகடு. ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாக, அந்த வண்டியின் எஜமானர்கள் அத்தனை பேரும் தெரிந்தார்கள். பையன் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

கம்பெனி பெயிண்டைக் கண்டுபிடிக்க இதுதான் வழி. வெயில் படாத இடத்தில் தேடு. டேங்க் எம்பளத்துக்குப் பின்னால், டூல் பாக்ஸ் உள்ளே, ஹெட்லைட் கூட்டுக்குள்ளே. நெட்டில் வரும் படத்தைப் பார்த்துக் கலர் கலக்காதே. வெயிலில் ஐம்பது வருஷம் நின்ற ஆரஞ்சும் கம்பெனி அடித்த ஆரஞ்சும் ஒன்றல்ல. அசல் பெயிண்ட் முக்கால்வாசி நன்றாக இருந்தால், அங்கங்கே பொரிந்திருந்தாலும் அதைத் தொடாதே என்பது என் கட்சி. பாலிஷ் போடு, துருப் பிடித்த இடத்தில் மட்டும் கை வை. பளபளப்பு வேண்டும் என்றால் புது வண்டி வாங்கிக்கொள்ளலாம், கடனே கொடுக்கிறார்கள். புது பெயிண்ட் எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம்; கம்பெனி பெயிண்ட் ஒரு முறைதான்.

குரோமியமும் அப்படித்தான். லேசான துருவுக்குச் சமையல்கட்டில் இருக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் தொட்டுத் தேய்த்தாலே போதும், பாதி போய்விடும். மறுபடி முலாம் பூசக் கொடுத்தால் அவன் முதலில் பஃபிங் சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பான். கூர் விளிம்பெல்லாம் மழுங்கிப் போகும். பொறித்த எழுத்து இருந்த இடம் வழுவழுவென்று ஆகிவிடும்.

எஞ்சின் இறுகியிருந்தது. பையன் கிக்கர் மேல் ஏறி நின்று குதிக்கத் தயாராக இருந்தான். குதித்தால் ரிங் உடையும், போர் கீறும். பிளக்கைக் கழற்றி ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி வைத்தோம். தினமும் மாக்னெட் பக்கம் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம் என்று அசைத்துப் பார்ப்பது. அசையாவிட்டால் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது. ஒரு சாயந்திரம் நூலளவு நகர்ந்தது. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வெல்டிங் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சிலிண்டரைப் பார்த்ததும் லேத் கடையில் ‘ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம்’ என்பார்கள். அவர்களுக்கு அது சுலபம். ஒவ்வொரு ரீபோருக்கும் இரும்பு போய்க்கொண்டே இருக்கும், திரும்ப வராது. கடைசி சைஸையும் தாண்டினால் லைனர்தான் போட வேண்டும். ஆகவே முதலில் அளந்து பார். ஹோனிங்கும் புது ரிங்கும் போதும் என்றால் அதோடு நிறுத்து. தேவைக்கு மேல் வேலை செய்வதும் கெடுப்பதுதான். ஒரு பட்டறைப் பையன் ஹெட்டில் படிந்த கார்பன் போகட்டும் என்று அதைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனதைப் பார்த்திருக்கிறேன். சைலன்சர் இரும்பு, அது தாங்கும். ஹெட் அலுமினியம், காஸ்டிக் அதைத் தின்றுவிடும். பையன் திரும்பி வந்தபோது அது ஹெட்டாக இல்லை.

கிக்கர் லிவரில் ஒரு பழைய பித்தளை ஒட்டு இருந்தது. எந்தக் காலத்திலோ எவரோ ஒடிந்ததை பிராஸ் வெல்டிங் வைத்திருக்கிறார். சீரான, அவசரமில்லாத கை. கம்பெனியிலிருந்து வந்தது போலவே இருக்க வேண்டும் என்று பேசும் நண்பர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு லிவர் தேடச் சொல்வார்கள், சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் கிடைத்தாலும் கிடைக்கும். நான் வைத்துக்கொள்ளச் சொன்னேன். இந்த லிவர் தொழிற்சாலையில் இருந்ததை விட ரோட்டில் இருந்த காலம்தான் அதிகம். உறுதியாகப் பிடித்திருக்கும் ஒட்டைக் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் அப்படியே வைக்காதே. பழைய டயர் பள்ளம் தேயாமல் இருந்தாலும் ரப்பர் செத்துப் போயிருக்கும், மாற்று. பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டு; பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், வாயால் ஊதாதே. கேபிள், பெட்ரோல் டியூப் எல்லாம் புதிது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் கால ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடு. பாயிண்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கிறாயா, வை. ஆனால் எதையும் அறுக்காமல், துளை போடாமல் வை. நாளைக்கு வேறொருவன் மறுபடி பாயிண்டை மாட்ட முடிய வேண்டும்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது, 50 வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்ட, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று வகைப்படுத்தினார்கள். அவற்றுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர். புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். அப்படிப் பதிந்ததைத் தினசரி சவாரிக்கு எடுக்க முடியாது. முதன்முதலாக வந்த பாபி வண்டிகள் இப்போது அந்த வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. மாப்பிள்ளையின் டிஸ்க் பிரேக்கை மாட்டிக்கொண்டு போய் நின்றால் என்ன பதில் வரும் என்று பேரனே கணக்குப் போட்டுக்கொண்டான்.

நீங்களும் ஒரு பழைய வண்டியைக் கையில் எடுத்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் இருக்கும் இடத்தில் எமரி பேப்பரோ கிரைண்டரோ படவே கூடாது, ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகும் அந்த எண்கள் அழிந்தால் வண்டி யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கழற்றிய பழைய பாகம் ஒன்றைக்கூடப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். ஒரு பெட்டியில் போட்டு, எதை எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்து, வண்டியை விற்கும்போது பெட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.