வரம்பறியாப் பீடைகள்

எங்கள் ஊரில் நஞ்சு என்ற சொல்லை எவரும் வழங்குவதில்லை. வயலில் தெளிக்கப்படுவது ‘மருந்து’. அரச துண்டுப்பிரசுரங்களில் அதுவே ‘பீடைநாசினி’. தமிழாசிரியனாகிய எனக்கு இச்சொல் வழக்கு வெறும் வேடிக்கையாகப் படவில்லை. மருந்தென்றால் நாடி பார்த்து நோயறியும் வைத்தியன் ஒருவன் வேண்டுமன்றோ? இங்கே வைத்தியனும் வியாபாரியும் ஒருவரே.

இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் செய்யும் கமக்காரர் ஒருவர், என் மாணவி ஒருத்தியின் தந்தை, சென்ற காலபோகத்தில் அறக்கொட்டியானைக் கண்டதும் கடைக்கு ஓடினார். வயலைக் கண்ணாலும் பாராத கடைக்காரர், இரு போத்தல்களைக் கலந்து அடிக்கும்படி கூறி, விலையைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். பத்து நாட்களின் பின் பூச்சி முன்னிலும் பெருகிற்று. மீண்டும் இரு போத்தல்கள்; கொப்பியில் மற்றொரு வரி. “மாஸ்டர், மருந்துக்கும் சாகாத பூச்சி இப்ப வந்திட்டுது” என்று அவர் என்னிடம் முறையிட்டார். அறுவடை நெல் கடைக்காரர் குறித்த விலைக்கே போயிற்று. எஞ்சிய கடனுக்காக மாணவியின் தோடுகள் அடைவுக்குச் சென்றன.

நஞ்சுக்குப் பழகிய பூச்சிச் சந்ததிகள் உருவாவது உண்மையே. ஆயினும் கதை அவ்வளவோடு முடிவதில்லை. அறக்கொட்டியான் பயிரின் அடித்தண்டில் இருந்து சாற்றை உறிஞ்சுவது. முட்டைகளை இலைமடலின் உள்ளே இடுவது. மேலிருந்து தெளிக்கும் நஞ்சு அம்முட்டைகளைத் தீண்டுவதில்லை. அப்பூச்சிகளைத் தின்று வாழும் சிலந்திகளையோ அது கொன்று குவிக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை பொரித்து வெளிவரும் குஞ்சுகளுக்கு வயலில் பகைவர் இலர். நெருக்கமாக விதைத்து, யூரியாவை அள்ளி இறைத்த வயலாயின் அவற்றுக்கு விருந்தே!

நஞ்சுக்கு அரசே மானியம் வழங்கி வந்த இந்தோனேசியாவில் இப்பூச்சி பெருகி நெல்லை அழித்தது. 1986ஆம் ஆண்டில் 57 வகை நஞ்சுகளை நெல்வயலில் தெளிக்கலாகாதென அந்நாட்டரசு தடைசெய்தது. தடைவிதித்தவர், 1965–66இல் இடதுசாரிகளைக் கொன்று குவித்து ஆட்சியைக் கைப்பற்றிய சுகார்த்தோ. கமக்காரர் மீதுகொண்ட அன்பு அவரை அதற்குத் தூண்டியிராது; அரிசி பொய்த்தால் அரியணை நிலைக்காது என்ற அச்சம் தூண்டியிருக்கலாம். என் மனத்தைக் கவர்ந்தது அதன்பின் நிகழ்ந்தது: 1989 முதல் அங்கே வயற்பள்ளிகள் தோன்றின. கமக்காரர்கள் வயலிலே கூடி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்த்துத் தாமே முடிவெடுக்கப் பயின்றனர். நம் நாட்டிலோ 2021 மே மாதத்தில், இத்தகைய பயிற்சி எதுவுமின்றி, ஒரு வர்த்தமானி அறிவித்தலால் உரமும் நஞ்சும் தடுக்கப்பட்டன. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. கடைக்காரரின் கொப்பி மட்டும் அப்படியே இருந்தது.

எலியின் செய்தி இதனினும் தெளிவானது. கதிர் உருவாகும் குடலைப் பருவத்தை ஒட்டியே வயலெலிகள் பெருகத் தொடங்கும். அயல் வயல்கள் வெவ்வேறு வேளைகளில் விதைக்கப்படின் உணவும் அறாது, ஈற்றும் அறாது. ஒருவர் தம் வரம்பில் மட்டும் நஞ்சு வைத்தால், வெறுமையான வளைகளுக்கு அடுத்த வயலின் எலிகள் குடிவரும். விதைப்பை அண்டிய நாட்களிலேயே, ஊர் முழுவதும் ஒன்றுகூடி, ஒரே கிழமையில் வளைகளைத் தோண்டிப் பிடித்தாற்றான் பயனுண்டு. ஒடுங்கிய வரம்பில் எலி வளை அமைப்பது கடினம் என்பர்; ஆனால் வரம்பை ஒடுக்குவதற்கும் அயலவரின் சம்மதம் வேண்டுமே!

பிலிப் குணவர்த்தன கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. குறைகள் பல இருந்தபோதிலும், வயல் வேலை தனியொருவரின் காரியமன்று என்ற எண்ணம் அச்சட்டத்தில் இருந்தது. அக்குழுக்கள் இன்று இல்லை. கமக்காரர் அமைப்புகள் உள்ளன. காலபோகக் கூட்டமும் நடைபெறுகிறது. சென்ற கூட்டத்தில் பின்வரிசையில் நானும் அமர்ந்திருந்தேன். நீர் திறக்கும் திகதி பற்றி இரண்டு மணிநேரம் வாதிட்டனர். முதியவர் ஒருவர் எழுந்து, “எலிக்கும் ஒரு கிழமையைக் குறியுங்கோவன்” என்றார். “அதை அவரவர் பாத்துக்கொள்ளுங்கோ ஐயா” என்று மேடையிலிருந்து பதில் வந்தது.

அடுத்த கூட்டம் புரட்டாதியில். அம்முதியவரின் கோரிக்கையை மீண்டும் எழுப்ப மூவர் இணங்கியுள்ளனர். நான்காமவர் கடைக்காரரின் கொப்பியில் பெயருள்ளவர். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.