வரி குறைந்தால் வண்டி வருமா?

வரியைக் குறைத்துச் சந்தையை அதன் போக்கில் விட்டுவிட்டால் பொருள்கள் தாமாகவே மலிந்துவிடும் என்ற கருத்து, இன்று படித்தவர் நாவிலே ஒரு மந்திரம்போலத் தங்கிவிட்டது. மின்சார மோட்டார் சைக்கிளைப் பற்றியும் இதையே சொல்கின்றார்கள். பெற்றோல் வேண்டாம், புகை இல்லை, அரசாங்கம் வரியைச் சற்றுத் தளர்த்தினால் போதும், ஏழைகளும் ஏறிச் செல்வார்கள் என்கின்றார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் இவ்விவாதம் அடிக்கடி எழுவதுண்டு. பொகவந்தலாவையிலிருந்து பார்க்கும்போது இக்கேள்வி வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. அதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

இங்கே ஒரு வண்டி யாருக்கு, எதற்காகத் தேவைப்படுகின்றது? கொட்டியாகலை, கெம்பியன் போன்ற தோட்டங்களின் மேற்பிரிவுகளிலிருந்து பெருந்தெருவுக்கு இறங்கி வருவதே ஒரு பயணம். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதானாலும், பிள்ளையை வகுப்புக்கு அனுப்புவதானாலும் கால்களை நம்ப வேண்டும். அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபாயைத் தொட்டது. பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். மின்சார வண்டி என்ற பேச்சு எங்கள் லயங்களுக்குள் நுழைந்தது அந்த நாட்களிலேதான். அது ஆடம்பரத்தின் ஆசையன்று, தேவையின் ஏக்கம்.

வரிக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகள் வாங்கிய விலைக்கு மேல் விற்கப்பட்டதை எல்லோரும் கண்டோம். 2022இன் முற்பகுதியில் சில மாதங்களுக்குள்ளேயே டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் எதுவாயினும், வரியில் ஒரு சதமும் கூடாமலே, இதனால் மட்டும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றேமுக்கால் மடங்காகிவிட்டது. இதற்கு மேலேதான் சுங்க வரி, மேல்வரி, உற்பத்தி வரி, இவையெல்லாம் சேர்ந்த தொகையின் மீது 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று வாகனங்களின்மேல் வரிக்கு மேல் வரி ஏறுகின்றது. எனவே வரி விலையை உயர்த்துகின்றது என்பது உண்மை. அதை மறுப்பவர் யாருமில்லை. வரியைக் குறைத்தால் அந்தக் குறைவு யார் கைக்குப் போகின்றது என்பதே கேள்வி.

விற்பவர் பலராக இருந்து, ஒருவரையொருவர் முந்தப் போட்டியிட்டால், அது வாங்குபவனை வந்தடையும். விற்பவர் சிலராகவும் வாங்கத் துடிப்பவர் பலராகவும் இருந்தால், அதிற் பெரும்பகுதி இறக்குமதியாளரின் இலாபத்திலேயே தங்கிவிடும். மிஞ்சியதை லீசிங் வட்டி விழுங்கிவிடும். ரொக்கம் கொடுத்து வாங்குபவனுக்கு ஒரு விலை. தவணையில் வாங்கும் ஏழைக்கு இன்னொரு விலை. வரிக்குறைப்பு இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவதில்லை.

அயலிலுள்ள இந்தியாவின் அனுபவம் நமக்கு நல்ல பாடம். அங்கே 2019 ஆகஸ்டில் மின்சார வாகனங்களின்மேல் இருந்த பொருள் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அவ்வளவோடு வண்டிகள் வீதியை நிறைத்துவிடவில்லை. 2021 ஜூனில் மத்திய அரசு தன் மானியத்தை, பற்றரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 15,000 இந்திய ரூபாயாக, வண்டி விலையில் 40 சதவீதம் வரையில் உயர்த்திய பின்னரே விற்பனை வேகங்கொண்டது. 2023 ஜூனில் அதே மானியம் 10,000 ரூபாயாகவும், உச்சவரம்பு 15 சதவீதமாகவும் வெட்டப்பட்டது. உடனே விலைகள் ஏறின. மே மாதத்தில் ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்த விற்பனை ஜூனில் அதிற் பாதிக்கும் கீழே விழுந்தது. விலை ஏறுமுன் வாங்கிவிட வேண்டுமென்று பலர் மே மாதத்தில் முந்திக்கொண்டதும் இதற்கு ஒரு காரணமே. எனினும் அந்த நாட்களில் சந்தை யார் தோளிலே நின்றது என்பது வெளிப்பட்டுவிட்டது.

போட்டிக்குப் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலே தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா நிறுவனம், சிறிய பற்றரி பொருத்திய ஒரு ஸ்கூட்டரை 70,000 இந்திய ரூபாய்க்குள் விற்க முன்வந்தது. பற்றரியின் விலை உலகெங்கும் வீழ்ந்ததும் உண்மையே. ஆனால் அந்த வீழ்ச்சிக்குப் பின்னால் சீன அரசு பல ஆண்டுகளாகத் திட்டமிட்டு வளர்த்த தொழில்கள் நிற்கின்றன. சீன நகரங்களிலே மின்சார இருசக்கர வண்டிகள் பெருகியதும் வரிக்குறைப்பால் மட்டுமன்று. 1999இல் அவற்றைச் சைக்கிள் வகையில் சேர்த்து ஒரு தேசியத் தரத்தை வகுத்தார்கள். பல பெருநகரங்களில் பெற்றோல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை விதித்தார்கள். சட்டம் பாதையை வெட்டியது. சந்தை அதன்வழி நடந்தது.

சென்ற ஆண்டின் இறுதியிலே ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். தோட்டத்திலே நாட்கூலி. மகள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கின்றாள். பிரத்தியேக வகுப்புக்கு ஹட்டன் போய்வர வேண்டும்.

“சேர், கரண்டு பைக்குக்கு வரியக் கொறைக்கப் போறதா கடையில பேசிக்கிறாங்க. கொறைஞ்சா நமக்கு எட்டுங்களா?” என்று கேட்டார்.

இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். வண்டி மூன்று இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதன்படி வண்டியின் விலை 222 நாட்கூலி. மாதம் 20 முழுப்பேர் கிடைத்தாலும், உண்ணாமல் உடுக்காமல் பதினொரு மாதம் சேர்க்க வேண்டும். கொழுந்து குறைந்து அரைப்பேர் விழும் மாதங்கள் இக்கணக்கிலே இல்லை. இனி, வரிக்குறைப்பினால் விலை பத்திலொரு பங்கு இறங்கி, அது முழுவதும் வாங்குபவனுக்கே கிடைத்ததென்று கொள்வோம். அப்பொழுது 200 நாட்கூலி. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், 200 ரூபாய் வரவுப்படியையும் சேர்த்து நாளொன்றுக்கு 1,750 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. அந்தத் தொகை முழுமையாகக் கைக்கு வருமானால், வரியில் ஒரு சதமும் குறையாமலே அதே வண்டி 171 நாட்கூலிக்கு இறங்கிவிடுகின்றது.

அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப வெலய விட சம்பளந்தாங்க சேர் பெருசு” என்றார். பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சம்பளத்தோடும் கணக்கு முடிவதில்லை. வண்டியை வாங்கினால் எங்கே மின்னேற்றுவது? லயத்தின் சுவரும் கூரையும் அவருக்குச் சொந்தமானவையல்ல. பழுதடைந்த மின்கம்பிகளால் லயங்கள் தீப்பற்றிய செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். மின்கட்டணமோ 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் உயர்ந்தது. பின்னர் சற்று இறங்கியபோதிலும் அந்த அடியை ஏழை வீடுகள் மறக்கவில்லை. கற்கள் பெயர்ந்த செங்குத்தான தோட்டப் பாதையில், விளம்பரம் சொல்லும் தூரத்தைப் பற்றரி ஓடித் தராது. இங்கே பெரியதொரு முரண்பாடும் உண்டு. பொகவந்தலாவை மலைகளில் ஊறி ஓடும் கெகல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்புகின்றது. அந்த நீரே 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றுகின்றது. நாட்டுக்கு ஒளி கொடுத்த இப்பள்ளத்தாக்கின் லயங்கள் பல, நெடுங்காலம் குப்பிவிளக்கிலேதான் கிடந்தன. மின்சாரம் அருகிலே பிறப்பதால் மட்டும் அது வீட்டுக்குள் வந்துவிடவில்லை. வண்டியின் விலை குறைவதால் மட்டும் வண்டியும் லயத்து வாசலுக்கு வந்துவிடாது.

ஆகவே வரிக்குறைப்பை எதிர்க்க வேண்டுமா? வேண்டியதில்லை. 2023இல் சர்வதேச நாணய நிதியத்தோடு உடன்பாடு செய்துகொண்ட பின், வருமானத்தைப் பெருக்கும் கடப்பாடு அரசாங்கத்தின் தலைமீது இருக்கின்றது. அதற்கு வாகன வரி ஒரு முக்கிய ஊற்று. விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வேறெங்கோ ஈடுசெய்யப்படும். அரிசி மாவின்மேல் அது ஏறுமானால், வண்டி வாங்காதவனே வண்டி வாங்கியவனுக்குப் பணம் கட்டியவனாவான். வரியைக் குறைப்பதாயின், சிறிய பற்றரியுடைய மலிந்த வண்டிகளுக்குக் குறையுங்கள். அதைக் குறைந்த வட்டிக் கடனோடு இணையுங்கள். கூலியையும் பாதையையும் முன்வையுங்கள். 1958இலே இந்நாடு பஸ் சேவையைத் தேசியமயமாக்கியது, போக்குவரத்து இலாபத்துக்காக மட்டும் ஓடக்கூடாது என்ற எண்ணத்திலேதான். மாலையில் ஹட்டனிலிருந்து ஒரு பஸ் பிந்திப் புறப்படுமானால், அதனால் விளையும் நன்மை பல வரிச்சலுகைகளை விடப் பெரிது.

அந்தப் பெண் இன்றும் கடைசிப் பஸ்ஸைப் பிடிப்பதற்காக, வகுப்பு முடியுமுன்பே புத்தகத்தை மூடிக்கொண்டு எழுகின்றாள். எஞ்சிய பாடத்தை மறுநாள் தோழியின் கொப்பியில் பார்த்து எழுதிக்கொள்கின்றாள்.