வீடு கற்பிட்டியில், பதிவு மன்னாரில்

புத்தளம் மாவட்டத்தில், பாலாவியை ஒட்டிய நாகவில்லுவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரில் எருக்கலம்பிட்டி இருக்கிறது. எருக்கலம்பிட்டி மன்னார் தீவிலுள்ள ஊர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஊர் முழுவதும் கிளம்பியது. மன்னார்க் கரையிலிருந்து வள்ளம் ஏறியவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அந்த மாதம் 30ஆம் திகதி 2 மணி நேரம்தான் அவகாசம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேறிய ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பகுதியினர் இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான் தங்கினார்கள்.

'அதெல்லாம் முடிந்த கதை, திரும்பிப் போய்விட்டார்கள்' என்று கொழும்பில் சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் கிளம்பினேன்.

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி பஸ் பிடித்தேன். ஆலங்குடாவுக்கு 80 ரூபாய். உப்பளங்களில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. ஓரங்களில் குவித்த உப்பைக் கிடுகால் மூடி வைத்திருந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் தென்னைகளுக்கு மேலாக நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு எங்கே இறங்கினாலும் அது தெரிந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் மணல் தோட்டம், வெங்காயம், மிளகாய். குழாயிலிருந்து தண்ணீர் சுற்றிச் சுற்றித் தெளித்தது. நடுவீதியில் நின்ற கழுதைகளுக்காக பஸ் ஒரு தடவை நின்றது.

ஆலங்குடாவில் இறங்கி ஒழுங்கையில் திரும்பினால் கால் மணலில் புதைகிறது. முகாம் என்று எழுதுகிறோமே, அப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. கல்வீடுகள். பல வீடுகள் உலக வங்கிக் கடனுதவியோடு 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தில் கட்டங்கட்டமாகப் பணம் வாங்கி எழுப்பியவை. முன்சுவருக்குப் பூச்சு இருக்கிறது, பக்கச் சுவருக்கு இல்லை. குசினி மட்டும் இன்னும் தகரம். ஒரு வளவில் வேலிக்குப் பழைய கிடுகையும் புதிய தகரத்தையும் மாற்றி மாற்றி அடித்திருந்தார்கள்.

மூன்று வீடுகளில் பூட்டுத் தொங்கியது. "அவங்க மன்னாருக்குப் போயிட்டாங்க, மீள்குடியேற்றம்" என்றார் கூட வந்த இளைஞர். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் முற்றம் அன்று காலை கூட்டியது போலக் கிடந்தது, ஈர்க்கின் கோடு கலையவில்லை. மின்மானி ஓடியது. கொடியில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை. போனவர்கள் போனது உண்மைதான், ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை. வாரக் கடைசியில் வருகிறார்கள், நோன்புக்கு வருகிறார்கள், பிள்ளையின் பரீட்சைக்கு வருகிறார்கள். 'திரும்பியவர்கள்' என்ற கணக்கில் இவர்களைச் சேர்த்தால் கணக்கு நேராகும், ஆட்கள் நேராக மாட்டார்கள்.

அடுத்த வளவில் ஒரு மாமி கதிரை போட்டுத் தந்தார். மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கத்துக்காரர். "பதிவு எங்கே மாமி?" என்றேன். பதில் சொல்லாமல் உள்ளே போய், ஆணியில் தொங்கிய பொலித்தீன் பையை எடுத்து வந்தார். அதற்குள் இன்னொரு பை. ஓரம் கறுத்த நிவாரண அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதியின் போட்டோ பிரதி ஒன்று, மடித்த இடத்தில் எழுத்து அழிந்திருந்தது. அடையாள அட்டையில் முகவரி மன்னார் மாவட்டம். மகனின் அட்டையில் புத்தளம். பேரனுக்கு இன்னும் அட்டை எடுக்கவில்லை.

"எனக்கு வாக்கு அங்கதான் மகன். அத வெட்டினா காணியும் போன மாதிரித்தான்னு சொல்றாங்க. இவனுக்கு இங்க. இங்க இல்லாட்டி ஸ்கூலுக்கும் ஏலாது, ஒண்டுக்கும் ஏலாது."

அந்தப் பையைப் பார்த்த பிறகுதான் சட்டம் எனக்குச் சரியாக உறைத்தது. இலங்கை அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரை நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் தருகிறது. 12ஆம் உறுப்புரை சமத்துவம் தருகிறது. வாக்களிப்பதும் கருத்து வெளிப்பாடுதான் என்று 1999 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கருணாதிலக்க வழக்கில் சொன்னது. ஆனால் வாக்கைப் பயன்படுத்த வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும், அதுவும் ஓர் இடத்தில்தான். நிறைவேற்றுத்துறையோ நிர்வாகமோ உரிமையை மீறினால்தான் 126ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மனு போடலாம், அதுவும் ஒரு மாதத்துக்குள். 1990இல் துரத்தியது அரசு அல்ல. இந்த மாமி அன்றைக்கு மனுவோடு எந்த வாசலுக்குப் போயிருக்க முடியும்?

ஒப்பிட்டுப் பார்த்தால், அமெரிக்க அரசியலமைப்பில் குடியிருப்பை மாற்றும் உரிமை என்று ஒரு வரி தேடினாலும் வெளிப்படையாகக் கிடைக்காது. ஆனால் மசாசூசெட்ஸிலிருந்து கனெக்டிகட்டுக்குப் பிள்ளையோடு குடிவந்த ஓர் ஏழைத் தாய்க்கு, வந்து ஓராண்டு ஆகவில்லை என்று மாநிலம் உதவிப்பணத்தை மறுத்தபோது, அது செல்லாது என்று 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஷப்பீரோ எதிர் தொம்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. இடம் மாறுவது உரிமை என்றால், மாறியதற்காகத் தண்டிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். எங்கள் அரசியலமைப்பில் அந்த உரிமை எழுத்திலேயே இருக்கிறது. ஆலங்குடாவில் அதைத் தின்பது ஒரு பதிவுப் படிவம்.

வீதிக்குத் திரும்பித் தேநீர்க் கடை வாங்கில் உட்கார்ந்தேன். பிளேன்டீ 40 ரூபாய். கடை நானா இந்த ஊரிலேயே பிறந்தவர். கதை கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றார். "அண்டைக்கு எங்கட பள்ளியைத் திறந்து விட்டம், தென்னந்தோப்பக் குடுத்தம், எங்கட வீட்டுச் சோத்தக் குடுத்தம். இப்ப ஸ்கூலுக்கு எடம் இல்ல, ஆஸ்பத்திரியில வரிசை, காணி வெல ஏறிட்டு. அரசாங்கம் அவங்க கணக்க மன்னாருக்கு அனுப்புது, ஆள் இங்க." அவர் சொன்னதில் வெறுப்பு இல்லை, கணக்கு இருந்தது. வேறு மாவட்ட இடாப்பில் பெயர் உள்ளவருக்கும் இங்கேதான் தண்ணீர், வகுப்பறை, வைத்தியர் வேண்டும். பதிவை வைத்து ஒதுக்கீடு வந்தால், ஏற்றுக்கொண்ட ஊருக்கே நட்டம். இரண்டு தரப்பையும் மோத விட்டது வந்தவர்களோ இருந்தவர்களோ அல்ல.

2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க வாக்காளர் பதிவு (விசேட ஏற்பாடுகள்) சட்டம், இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊர் இடாப்பில் பெயரைப் பதிய வழி செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் பெயர் மன்னாரில், ஆள் புத்தளத்தில் என்றால் வாக்களிக்க பஸ் ஏற வேண்டும். 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்காளர்களை ஏற்றிச் சென்ற பஸ் வரிசை மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர் போகவில்லை. மாமியின் மகன் அன்றைக்கு ஒரு பஸ்ஸில் தாயோடு போயிருக்கிறார். பின்வரிசைக்காரர்கள் தரையில் படுத்ததையும், பிறகு மன்னார் போய்த் தாய் வாக்குப் போட்டதையும் ஒரே மூச்சில் சொன்னார்.

இதே சிக்கல் அமெரிக்காவில் கத்ரினா புயலுக்குப் பிறகும் வந்தது. 2006 ஏப்ரலில் நியூ ஓர்லியன்ஸ் மேயர் தேர்தலுக்காக லூசியானா மாநிலத்தின் வேறு நகரங்களில் தனி வாக்குச்சாவடிகள் வைத்தார்கள். வெளிமாநிலங்களில், ஹூஸ்டன், அட்லாண்டாவில் இருந்தவர்களுக்கு வைக்க மறுத்துவிட்டார்கள், அவர்களும் பஸ் ஏறினார்கள். முன்பு இங்கும், இடம்பெயர்ந்தவர்கள் சொந்த மாவட்டத்து வாக்கைப் போட, புத்தளத்திலேயே கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் இருந்தன. ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோவது நடக்காத காரியமல்ல, இதே மாவட்டத்தில் நடந்த காரியம். திரும்பப் போக நினைப்பவர் போகட்டும், இருக்க நினைப்பவர் இருக்கட்டும். இரண்டில் எதைத் தெரிவுசெய்தாலும் மற்றதை இழக்க வேண்டியதில்லை என்று எழுத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும்.

கிளம்பும்போது பேரன் வந்தான், பள்ளிச் சீருடையோடு. பதினைந்து வயது தாண்டிவிட்டது, அடையாள அட்டைக்குக் கிராம சேவகரிடம் (ஜீ.எஸ்.) படிவம் நிரப்ப வேண்டும். வசிக்கும் முகவரி என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஆலங்குடா போடச் சொல்கிறார் வாப்பா, முசலி போடச் சொல்கிறார் வாப்பும்மா. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஜீ.எஸ்.ஸிடமே போய்க் கேட்கப் போகிறானாம்.