துருவின் அடியில் ஒரு புல்லட்

தென் கொல்கத்தாவில், ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய பழைய வீடுகளின் கார்க் கொட்டகைகளிலும் மாடிப்படிகளின் அடியிலும் தார்ப்பாய் போர்த்திய உருவங்கள் நிற்பதுண்டு. போர்வையை விலக்கினால் பெரும்பாலும் கால் ஒடிந்த நாற்காலியோ, ஓட்டம் நின்ற தையல் இயந்திரமோ வெளிப்படும். சில வீடுகளில் மட்டும் அங்கே ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கும். தாத்தா அலுவலகத்திற்கு ஓட்டிச் சென்ற வண்டி அது. அவருக்குப் பின் அதை யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். சக்கரங்களில் காற்று இறங்கியிருக்கும். இருக்கையின் உறையை எலி கடித்திருக்கும். பண்டிகைக்காக வீட்டை ஒழிக்கும் ஒவ்வொரு முறையும், "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே" என்று ஒருவர் சொல்வார். "இந்த வருஷம் இருக்கட்டும்" என்பார் பாட்டி. அதற்குமேல் பேச்சு நடப்பதில்லை.

லேக் மார்க்கெட் சுற்றுப்புறத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன. பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வீட்டில் நிற்கும் அவ்வண்டியும் தமிழ்நாட்டில் செய்யப்பட்டதே. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்னும் பெயர் 1932இல் வந்தது. விடுதலைக்குப் பின், எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்தியத் தரைப்படை இதனைத் தேர்ந்துகொண்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ஆங்கில நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இங்கிலாந்திலிருந்து உதிரிகளாக வந்தவற்றை முதலில் அங்கே பூட்டினார்கள். பின்னர் அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி, எல்லாவற்றையும் அங்கேயே செய்யப் பழகினார்கள். 1970இல் இங்கிலாந்தில் நிறுவனத்தின் உற்பத்தி நின்றுபோயிற்று. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977 முதல், சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின. பிறந்த வீடு மறந்த கைப்பாடத்தைப் புகுந்த வீடு காத்துத் திருப்பிக் கொடுத்தது.

ஆனால் திருவொற்றியூரின் கடற்காற்றில் பிறந்த வண்டிக்குக் கொல்கத்தாவின் காற்றும் நட்பானதன்று. ஜூன் மாதம் தொடங்கும் மழை அக்டோபர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம் கனத்திருக்கும். இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் கூடித் துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவேதான் துருப்பிடித்த மறையாணி தன் துளைக்குள்ளேயே வீங்கி இறுகிவிடுகிறது. இயந்திரத்தின் உள்ளும் இதுவே நிகழும். உருளைச் சுவரோடு பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். பொறுமையற்றவர் அந்நிலையில் கிக்கரின்மேல் ஏறி மிதிப்பார், வளையங்கள் உடையும். பழகியவர் தீப்பொறிச் செருகியைக் கழற்றி, அத்துளை வழியாகச் சிறிது எண்ணெய் ஊற்றிவிட்டு, நான்கு நாள் வேறு வேலை பார்ப்பார்.

வண்டியைக் கழற்றுவது எளிது. கழற்றியதை நினைவில் வைப்பதே கடினம். ஒவ்வோர் உறுப்பையும் கழற்றும் முன் கைபேசியில் படமெடுப்பார்கள். பழைய மருந்துப் புட்டிகளிலும் இனிப்புப் பெட்டிகளிலும் ஆணிகளையும் வளையங்களையும் இட்டு, 'முன்சக்கரம், வலப்பக்கம்' என்பதுபோலச் சீட்டு ஒட்டுவார்கள். அட்டையில் இயந்திரத்தின் உருவத்தை வரைந்து, ஆணி எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்திவைப்பதும் உண்டு. கழற்றிய அன்றைக்கு இவையெல்லாம் வீண்வேலையாகத் தோன்றும். பூட்டும் நாள் ஆறு மாதம் கழித்து வரும்போதுதான் அவற்றின் பயன் தெரியும்.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. இன்றைய கருவிப்பெட்டியிலுள்ள ஸ்பேனர்கள் பழைய புல்லட்டின் பல ஆணிகளுக்குப் பொருந்துவதில்லை. 1841ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர், நாடெங்கும் மறையாணிகளுக்கு ஒரே அளவுமுறை வேண்டும் என்று முன்மொழிந்தார். அவர் வகுத்த புரியின் கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் புரியின் கோணம் 60 பாகை. மெட்ரிக் ஸ்பேனரின்மேல் பொறித்த எண், ஆணித் தலையின் அகலத்தைக் குறிக்கும். விட்வொர்த் ஸ்பேனரின் எண்ணோ ஆணித் தண்டின் பருமனைக் குறிக்கும். இந்த வேறுபாட்டை அறியாதவர், ஏறக்குறையப் பொருந்தும் ஸ்பேனரைக் கொண்டு பலமாகத் திருப்புவார். ஆணித் தலையின் மூலைகள் மழுங்கிவிடும். அதன்பின் உளியும் சுத்தியலும் வரும். பழைய வண்டிகளுக்கு மழையும் எலியும் செய்த கேட்டைவிட, பொருந்தாத ஸ்பேனர் செய்த கேடு அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

கிடைக்காத உறுப்புகளைத் தேடி, பார்க் தெருவும் ஆசார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் மல்லிக் பஜாருக்குச் செல்ல வேண்டும். பழைய வாகன உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற கடைத்தெரு அது. கூரையிலிருந்து மட்கார்டுகள் தொங்கும். தரையில் கியர்ச் சக்கரங்கள் குவிந்திருக்கும். கடைக்காரரின் மொழி வங்காளமாகவோ இந்தியாகவோ உருதாகவோ இருக்கலாம். ஆனால் தமிழ்ச் சிறுவர் காது கொடுத்தால் பழகிய சொற்கள் சில அங்கே கேட்கும். தமிழில் சாவி என்பதை வங்காளத்தில் சாபி என்பார்கள். தமிழில் மேஸ்திரி என்றால் வங்காளத்தில் மிஸ்திரி. இவ்விரு சொற்களும் இரு மொழிகளுக்கும் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. சோழமண்டலக் கரையிலும் வங்கக் கரையிலும் வணிகம் செய்த மாலுமிகள் விட்டுச்சென்ற சொற்கள், சில நூற்றாண்டுகள் கழித்து மல்லிக் பஜாரில் ஒரு பூட்டைத் திறக்க உதவுகின்றன.

கடைத்தெருவில் எல்லாம் கிடைக்கும் என்பதே அடுத்த இடர்ப்பாடு. புதிய பெட்ரோல் தொட்டி கிடைக்கும். மின்னும் குரோமியப் பூச்சுடன் புகைக்குழல் கிடைக்கும். விரும்பிய நிறத்தில் இருக்கை கிடைக்கும். கையில் பணம் இருந்தால், ஒரே நாளில் தாத்தாவின் வண்டியைக் காணாமற் போக்கிவிடலாம். வீட்டில் வாக்குவாதம் எழுவதும் இவ்விடத்தில்தான். வண்டி புத்தம் புதிதாகப் பளபளக்க வேண்டும் என்பான் பேரன். பெட்ரோல் தொட்டியின் இருபுறமும் ரப்பர்ப் பட்டைகள் உள்ளன. தாத்தாவின் முழங்கால்கள் அழுந்தி அழுந்தி அவை தேய்ந்துபோயிருக்கின்றன. கிக்கரின் ரப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது. அது அவருடைய காலணியின் வேலை. தொட்டியிலுள்ள தங்கநிறக் கோடுகளைத் திருவொற்றியூரில் யாரோ ஒருவர் தூரிகை பிடித்துக் கையால் இழுத்திருக்கிறார். இவற்றை மாற்றக் கூடாது என்பார் பாட்டி.

இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பிரேக்குக் கட்டைகள், டயர்கள், கம்பிவடங்கள், மின்கம்பிகள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றில் பாசம் பார்க்கலாகாது. அவை உயிரைக் காப்பவை; பழையவை எவ்வளவு அழகாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். தொட்டியின் உட்புறத் துருவையும் போக்கியே ஆகவேண்டும். இல்லையேல் அது கார்புரேட்டரை அடைக்கும். (பெட்ரோல் இருந்த தொட்டியைச் சுத்தம் செய்வது சிறுவர் செய்யும் வேலையன்று, அதன் ஆவியே தீப்பற்றும்.) ஆனால் தேய்ந்த ரப்பர்ப் பட்டையால் யாருக்கும் ஆபத்தில்லை. மங்கிய கோட்டினாலும் இல்லை. துரு பரவாமல் தடுத்துவிட்டு அவற்றை அப்படியே விடலாம். எல்லாவற்றுக்கும் புதுப்பூச்சுப் பூசிய வண்டி, மீட்கப்பட்ட வண்டியன்று. வேடம் கட்டிய வண்டி.

இதே கேள்வியைக் கொல்கத்தா வேறொரு வகையில் ஆண்டுதோறும் சந்திக்கிறது. துர்க்கை பூசை முடிந்து சிலைகளை ஆற்றில் கரைத்தபின், மண்ணும் வண்ணமும் போய், மரச்சட்டம் மட்டும் எஞ்சும். அதனை வங்காளத்தில் 'காட்டாமோ' என்கிறார்கள். கரையேற்றிய சட்டங்கள் மீண்டும் சிலை செய்யப் பயன்படுகின்றன. ரத யாத்திரை நாளில் அந்தச் சட்டத்திற்கே பூசை செய்து அடுத்த சிலைக்கான வேலையைத் தொடங்கும் வழக்கம் உண்டு. வைக்கோல் புதிது, களிமண் புதிது, வண்ணம் புதிது. சட்டம் மட்டும் பழையது.

மோட்டார் சைக்கிளுக்கும் சட்டம் உண்டு. அதில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். இயந்திரத்தின் கூட்டிலும் ஓர் எண் இருக்கும். பதிவுச் சான்றில் உள்ளவை இவ்வெண்களே. துருவைச் சுரண்டும் ஆர்வத்தில் இயந்திரச் சாணையை அந்த இடத்தில் வைத்துவிட்டால், எண் அழியும். பிறகு அவ்வண்டி யாருடையது என்று மெய்ப்பிப்பது பெரும்பாடு. சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தார்ப்பாயின் அடியில் கிடந்த வண்டிக்கு அதை யாரும் செய்திருக்கமாட்டார்கள். 2021இல் இந்திய அரசு வகுத்த விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் பழம்பெருமை வாகனங்களாகப் பதிவுபெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். முன்பே பதிவுபெற்ற வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டமும் இயந்திரமும் பெரிதும் மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கும் அதை ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுசெல்லலாம். ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1968இல் பழங்கார் அணிவகுப்பைத் தொடங்கிய நகரத்தில் இவ்விதிக்கு வரவேற்பு இருப்பதில் வியப்பில்லை. இவ்வகையில் அரசின் விதியும் பாட்டியின் கட்சியையே சார்ந்திருக்கிறது!

பூட்டும் வேலை மாதக்கணக்கில் நீளும். இடையில் செப்டம்பர் 17ஆம் நாளை ஒட்டி விசுவகர்மா பூசை வரும். கொல்கத்தாவின் பட்டறைகளில் இயந்திரங்களுக்கு மாலை சூட்டுவார்கள். மாடிகளில் பட்டம் பறக்கும். சில வாரங்களில் நவராத்திரியின் ஒன்பதாம் நாள், தமிழ்க் குடும்பத்தின் ஆயுத பூசை. பாதி பூட்டிய வண்டிக்கு ஒரே பருவத்தில் இரண்டு முறை சந்தனமும் குங்குமமும் கிடைக்கும்.

இறுதியில் நுண்ணிய வேலைகள் எஞ்சும். 350 சி.சி. புல்லட்டின் ஒற்றை உருளை 70 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குவது. விட்டத்தைவிட ஏற்றம் நீண்டிருப்பதால்தான் அது நிதானமாக, ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும்படி ஓடுகிறது. தீப்பொறியை எழுப்பும் பாயிண்டுகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்வரை இருக்க வேண்டும். அதை அளவுத் தகட்டால் சரிபார்ப்பார்கள். வால்வுகளைத் தள்ளும் தண்டுகளுக்கு விரல்களே அளவுகோல். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது தண்டை இரு விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் மட்டும் ஆடக் கூடாது.

வண்டியைக் கிளப்புவதற்கும் பலத்தைவிடக் கவனமே தேவை. விளக்குக் கூட்டில் சிறிய அம்மீட்டர் ஒன்று இருக்கிறது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால் அதன் முள் இடப்புறம் சாய்ந்து நிற்கும். பாயிண்டுகள் திறக்கும் கணத்தில் நடுவுக்குத் திரும்பும். காலுக்கடியில் அழுத்தமும் தட்டுப்பட்டால், பிஸ்டன் உச்சிக்கு அருகில் வந்துவிட்டது என்று பொருள். அழுத்தத்தை விடுவிக்கும் சிறுபிடியை இழுத்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு சிறிது இறக்கி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பின்னர் ஒரே மூச்சில் முழுதாக மிதிக்க வேண்டும். முள்ளைப் பார்க்காமல் மிதிப்பவரின் காலை வண்டி திருப்பி உதைக்கும். தாத்தாவோடு வாழ்ந்த பாட்டிக்கு இது தெரியும். அவர் வண்டி ஓட்டியதில்லை என்றாலும், முள் நடுவுக்கு வந்ததும் "இப்போது" என்று சொல்லிவிடுவார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் உடனே ஏறி அமரக் கூடாது. உருளையின் தலைக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் மெல்லிய குழாயின் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, அங்கே எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசியவில்லையென்றால் சாவியை அணைத்துவிட்டு, மீண்டும் கழற்றத் தொடங்க வேண்டியதுதான். கசிந்தால், திருகை இறுக்கித் துடைத்துவிட்டுக் கியர் போடலாம். இன்றைய வண்டிகளில் போல இடக்காலால் அன்று. வலக்காலால், நெம்பியை மேல்நோக்கித் தூக்கி.