அப்பாவின் தூளி

தூளி என்றதும் கைக்குழந்தைதான் நம் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டுத் தூளியில் உறங்குபவரோ ஐம்பது வயதை நெருங்கும் என் தந்தையார்! சிரித்து முடித்தபின் மேலே படியுங்கள்.

எங்கள் ஊர் ஜலகண்டாபுரம். தறிச் சத்தத்தில் கண்விழிக்கும் ஊர். திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை வரை கூடும் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு அப்பா மொபெட்டில் சேலை மூட்டையுடன் செல்வார். இரவெல்லாம் வியாபாரம், மறுநாள் வெயிலில் திரும்பும் பயணம். ஒரு செவ்வாயன்று முழங்காலில் இரத்தக் காயத்துடன் வந்தார். "கல் தடுக்கிருச்சு கண்ணு" என்றார். ஆனால் இரவில் அம்மாவிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது: "ஒரு நிமிசம் கண்ணு சொக்கிப் போச்சு. எதிர்ல லாரி வந்திருந்தா..." அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

1492-இல் பகாமாத் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்குள்ளோர் பருத்தி வலைகளைப் படுக்கையாகக் கட்டியிருந்ததைக் கண்டார். பின்னாளில் கப்பல் மாலுமிகளும் அவ்வாறே உறங்கினர். இதைப் படித்ததும், 'நம்மிடம் இல்லாத பருத்தியா!' என்று தோன்றியது. நெசவுப் பழுதால் விலைபோகாத சேலை ஒன்றை அம்மா எடுத்துத் தந்தார்.

முதல் நாள் கொல்லையில் கட்டியபோது முடிச்சு நழுவி அப்பா தரையில் விழுந்தார்! பிறகுதான் கற்றோம். சேலை முனையை மடித்துக் கயிற்றால் இறுக்க வேண்டும். பருத்த, பச்சை மரங்களாக இருக்க வேண்டும். தென்னையின் கீழ் கூடாது. விறைப்பாகக் கட்டாமல் சற்றுத் தொய்வாக, நாற்காலி உயரத்துக்கு மேற்படாமல் கட்ட வேண்டும். குறுக்குவாட்டில் சாய்ந்து படுத்தால் முதுகு வளையாது.

"ரோட்டோரம் தொங்கினா நாலு பேர் சிரிப்பாங்களே!" என்று அப்பா தயங்கினார்.

"நாலு பேர் சிரிச்சாப் பரவாயில்லீங்கப்பா. நாங்க அழக்கூடாது" என்றேன். அவர் பதில் பேசவில்லை. அடுத்த சந்தைக்குப் புறப்பட்டபோது மூட்டையின்மேல் அந்தச் சேலையும் கயிறும் இருந்தன.

இப்பொழுது கண் எரியத் தொடங்கியதும், சாலையைவிட்டுத் தள்ளி இரு வேப்பமரங்களைத் தேடுகிறார். அரைமணி உறங்கி, முகம் கழுவிய பின்னரே வண்டியை எடுக்கிறார். செவ்வாய்தோறும் சோறு ஆறித்தான் போகிறது. ஆயினும் வாசலில் மொபெட் சத்தம் கேட்கும்போது அம்மாவின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே!

உழைப்பவருக்கு ஓய்வு சோம்பல் அன்று. வீட்டில் காத்திருப்போருக்கு அவர் செய்யும் கடமை. உங்கள் தந்தையாரிடமும் இதைச் சொல்லுங்கள், தோழியரே!