நியூட்ரலில் ஒரு மூச்சு

போர்ட் பிளேரில் ஒரு லாரியின் கியர் பாக்ஸுக்குள் பல் உடைந்தால், கப்பல் வரும்வரை அந்த வண்டி நிற்க வேண்டியதுதான். சென்னைக்கும் எங்களுக்கும் நடுவில் ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல். கப்பல் கிளம்பிவிட்டால் மூன்று நாளில் வந்துவிடும். எப்போது கிளம்பும் என்பதுதான் தெரியாது. நாமக்கல்லில் வண்டி ஓட்டுகிறவர் காலையில் பட்டறையில் விட்டு, சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். இங்கே ஒரு பல்லுக்காக மூன்று வாரம் வண்டியின் கீழே தார்ப்பாய் விரித்துக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் புதுப் பெயர் வந்துவிட்டது. கப்பலுக்குக் காத்திருப்பது மட்டும் மாறவில்லை.

அதனால்தான் என் உஸ்தாத் ஸ்டீயரிங்கைத் தொடவிடுவதற்கு முன்னால் ஆறு மாதம் கியர் ராடை மட்டும் பிடிக்கவைத்தார். இங்கே பொதுப்பேச்சு இந்தி. தமிழ் டிரைவரைக்கூட கிளீனர்ப் பையன்கள் நாங்கள் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். வண்டி பழைய லேலண்ட் காமெட். காட்டிலிருந்து படாக், குர்ஜன் மரங்கள் ஏற்றிக்கொண்டு சாத்தம் மர ஆலைக்கு வருவோம். 1883-ல் தொடங்கிய ஆலை அது. அடிமரம் ஏற்றிய லாரியில் பாரம் ஒரு பக்கமாகச் சாயும், இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும். பழகுவதற்கு அதைவிடக் கண்டிப்பான வண்டி கிடைக்காது.

கிளீனர் சீட் டிரைவருக்கு இடது பக்கம். கியர் ராடு இருவருக்கும் நடுவில். உஸ்தாத் ஒருநாள் ஜிர்காடாங் ஏற்றத்தில், "தம்பி, கையை வை" என்றார். அன்றிலிருந்து கால் அவருடையது, கை என்னுடையது. கிளச்சை மிதிப்பார், ஆக்ஸிலேட்டரை விடுவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். எப்போது நியூட்ரலுக்கு இழுப்பது, எப்போது அடுத்த கியருக்குத் தள்ளுவது என்று எஞ்சின் சத்தத்தைக் கேட்டு நானே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வாரம் முழுக்கக் கர்ர்ர் என்ற அந்தச் சத்தம்தான். ராடு உள்ளங்கையில் குத்தும். ராத்திரி சோறு பிசையும்போதும் கை அதிர்கிற மாதிரி இருக்கும்.

அந்தப் பழைய பெட்டியில் கியர்ச் சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடிதான் சுற்றிக்கொண்டிருக்கும். நாம் ராடைத் தள்ளும்போது நகர்வது, சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிற பல் வைத்த ஒரு வளையம். வளையத்தின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒன்றானால் பூட்டு விழும். ஒன்றாகாவிட்டால் பல்லோடு பல் அரைபடும். வளையத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது ரோடு, சக்கரத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது எஞ்சின். இரண்டையும் சேர்த்துவைப்பது டிரைவரின் வேலை.

அதற்குத்தான் டபுள் கிளச். மேல் கியருக்குப் போகும்போது கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு இழு, கிளச்சை விடு, எஞ்சின் இறங்கும்வரை ஒரு மூச்சு பொறு, மறுபடி மிதித்துப் போடு. கீழ் கியருக்கு வரும்போது நியூட்ரலில் கிளச்சை விட்டதும் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து எஞ்சினை ஏற்ற வேண்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். டாப் கியரில் எஞ்சின் நிமிஷத்துக்கு 1,200 சுற்று ஓடுகிறது, அதற்குக் கீழ் கியரின் விகிதம் ஒன்றரை மடங்கு என்று வையுங்கள். வண்டி அதே வேகத்தில் இருக்க, அந்தக் கியர் கேட்பது 1,800 சுற்று. இடையில் இருக்கும் 600 சுற்றைக் கால் கொடுக்க வேண்டும். காமெட்டில் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது. காதுதான் மீட்டர்.

சரியாக விழுந்த முதல் கியர் இன்னும் கையில் இருக்கிறது. தள்ளவே இல்லை. ஊறவைத்த அரிசிக்குள் விரல் இறங்குவதுபோல் ராடு தானாக இறங்கியது. சத்தமே இல்லை. உஸ்தாத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

ஏற்றமும் இறக்கமும் இந்தப் பாடத்தையே வேறு வேறாகச் சொல்லித்தரும். ஏற்றத்தில் நியூட்ரலில் அதிக நேரம் பொறுத்தால் வண்டி செத்துவிடும். எஞ்சின் இறங்குவதற்குள் வண்டியின் வேகம் அதைவிடக் கீழே போய்விடும். இறக்கத்திலோ நியூட்ரலில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் பாரம் வேகம் எடுக்கும். "ஏறுற கியர்லயே இறங்கு" என்று எல்லா ஊர் டிரைவரும் சொல்வதுதான். நானும் கேட்டு மண்டையை ஆட்டியவன்தான்.

டிரைவர் சீட்டில் உட்கார ஆரம்பித்த வருஷம், ரங்கத் போகும் வழியில், மழை நாள். இறக்கம் தொடங்கிய பிறகு நாலிலிருந்து மூணுக்கு மாற்றப் பார்த்தேன். நாலு கழன்றது, மூணு விழவில்லை. லோடு வண்டி நியூட்ரலில் உருள்கிறது. முன்னால் செம்மண் சகதி, வளைவு. பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் வழுக்கத் தொடங்கியது. நான் மூணுக்கே திரும்பத் திரும்ப மோதிக்கொண்டிருந்தேன். "கழட்டின நாலுலயே போடுடா, நல்லா ஆக்ஸிலேட்டர் குடு" என்றார் உஸ்தாத், குரலை உயர்த்தாமல். மிதித்தேன், எஞ்சின் கத்தியது, நாலு விழுந்தது. வண்டி எஞ்சினைப் பிடித்துக்கொண்டு அடங்கியது. விட்டு வந்த கியரின் வேகம்தான் அந்த நேரத்தில் நமக்குத் தெரிந்த வேகம். தெரியாத இடத்துக்குப் போய் முட்டுவதைவிட அங்கே திரும்புவது சுலபம். கீழே போய் நிறுத்திவிட்டு அவர் ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் காலி வண்டியில் அதே இறக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், மேலேயே மூணு போட்டு இறங்கச் சொன்னார். பதினோரு தடவை.

இப்போது வரும் வண்டிகளில் சிங்க்ரோமெஷ் இருக்கிறது. 1928-லேயே அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்துவிட்ட சங்கதி. எங்கள் லாரிகளை எட்ட வெகுகாலம் ஆனது. பூட்டு விழுவதற்கு முன் ஒரு கூம்பு வளையம் சக்கரத்தோடு உரசி வேகத்தைச் சமன்செய்துவிடும். டபுள் கிளச் வேண்டியதில்லை. பையன்கள் இதை வைத்துக்கொண்டு ராடை அடித்துத் தள்ளுகிறார்கள். நாம் காலால் செய்யாத வேலையை அந்த வளையம் தன் உடம்பைத் தேய்த்துச் செய்கிறது. தேய்ந்த வளையத்துக்கும் கப்பல்தான் வர வேண்டும். நான் இன்றைக்கும் நியூட்ரலில் ஒரு மூச்சு நிற்பேன்.

ஒன்பது கியர் டிப்பர் கைக்கு வந்தபோது அந்த மூச்சு மறுபடி உயிரோடு வந்தது. அதில் ராடுக்கு நாலு இடம்தான், எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ஒரு கிராலர். முதல் சுற்றில் அவை ஒன்று முதல் நாலு. குமிழில் இருக்கும் சின்னச் சுவிட்சை மேலே தூக்கினால், அதே நாலு இடமும் ஐந்து முதல் எட்டு ஆகிவிடும். சில வண்டிகளில் சுவிட்ச் இருக்காது. ராடைப் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டி அந்தப் பக்கம் போக வேண்டும். பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சின்னப் பெட்டியைக் காற்றழுத்தம் மாற்றுகிறது. சுவிட்சை முன்கூட்டியே தூக்கி வைக்கலாம். ஆனால் ராடு நியூட்ரலைக் கடக்கும்போதுதான் அது மாறும். அவசரமாகக் கடந்தால் பின்பெட்டி பாதியில் நிற்கும். வேகத்தில் போகும்போது சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு ராடை இழுத்தால் எட்டிலிருந்து நாலுக்கு விழப் பார்க்கும். கிளச் தட்டே சிதறலாம். காலையில் வண்டியைக் கிளப்பியதும் காற்று மீட்டர் ஏறும்வரை நான் நகர்த்துவதில்லை. பிரேக்குக்கும் அதே காற்று, கியருக்கும் அதே காற்று.

சமவெளியில் ஓட்டுகிறவர்கள் எட்டாவதில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் ராடையே மறந்துவிடலாம். அந்தமான் டிரங்க் ரோட்டில் எட்டாவது எனக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். ஏற்றம் குட்டையாக வரும், முடிந்ததும் வளைவு, வளைந்ததும் இறக்கம்.

ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஏறத்தாழ 50 கி.மீ. ஜாரவாப் பழங்குடிகளின் காடு. கான்வாயில்தான் போக வேண்டும். 40-க்கு மேல் வேகம் கூடாது, முந்தக் கூடாது, நிற்கக் கூடாது. 1956-ன் பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் காக்கிற நிலம் அது. அந்தப் பகுதியில் ரோட்டையே மூடச் சொல்லி 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; வண்டிகள் இன்னும் ஓடுகின்றன, நானும் அதில்தான் சோறு தின்கிறேன். அங்கே என் கியர் கணக்கு வேறு. முன்வண்டியை ஒட்டிப் போனால் ஒவ்வொரு ஏற்றத்திலும் மாற்றி மாற்றி உறும வேண்டியிருக்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு கியர் கீழேயே பிடித்து, எஞ்சினை அலறவிடாமல் ஒரே சீராகப் போவேன். பாதியில் கிளச் கருகி நின்றால் பின்னால் வரும் வரிசை முழுக்க அந்தக் காட்டுக்குள் நிற்கும். இன்னொருவர் வீட்டு வாசல் வழியாகப் போகிறவன் செய்யக்கூடிய மரியாதை இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். போதாது என்றும் தெரியும்.

போன மாதம் மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியில் என் கிளீனரை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தேன். நீர் வற்றியிருந்த நேரம். வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப்போகும் ஃபெரியின் சாய்தளம் செங்குத்தாக இறங்கிக் கிடந்தது. அந்தச் சரிவில் கியரை மாற்றவே கூடாது, கரையிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். பையன் ராடைப் பிடித்தபடி ஒன்றாவதா கிராலரா என்று யோசித்தான். என்னைப் பார்த்தான். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கிளச்சை மிதித்து நியூட்ரலில் கொஞ்ச நேரம் நின்றான், பிறகு கிராலரில் போட்டான். சத்தம் வரவில்லை. பீடியை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது; கை தானாகச் சட்டைப் பையைத் தேடியது.