எந்தக் கடலுக்கு எந்தக் கப்பல்?

2023 யூன் மாதம் காங்கேசன்துறைக்கு ஒரு உல்லாசக் கப்பல் வந்தது ஞாபகம் இருக்கும். சென்னையிலிருந்து வெளிக்கிட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை எல்லாம் தொட்டு வந்த கப்பல். இந்தத் துறைமுகத்துக்கு இப்பிடி ஒண்டு வந்தது அதுதான் முதல் தடவை எண்டு செய்தி. முகநூல், ரிக்ரொக் எங்க பார்த்தாலும் அந்த வெள்ளைக் கப்பல்தான். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு விரிவுரையை விட்டிட்டு கீரிமலைக்குப் போனோம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவும் வரப்போறன் எண்டு அடம்பிடிச்சதால் அவவை ஓட்டோவில் ஏத்திக்கொண்டு போகவேண்டியதாப் போச்சு.

அம்மம்மாவின் ஊர் மயிலிட்டி. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது வெளிக்கிட்டவ. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுபட்டது. ஆனால் அவவின் வீடு இருந்த காணி இன்னும் கைக்கு வரவில்லை. கப்பல் பார்க்க எண்டு சொன்னாலும் அவவுக்கு அந்தப் பக்கத்துக் கடலைப் பார்க்கத்தான் ஆசை எண்டு எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் செல்ஃபி எடுத்து முடிய அம்மம்மா கேட்டா:

“உந்தக் கப்பலை ஏன் பிள்ளையள் இஞ்ச அனுப்பினவங்கள்?”

“எங்கட இடம் வடிவு எண்டுதான் அம்மம்மா. பாக்க வருகினம்.”

“வடிவு இண்டைக்கோ வந்தது?”

எங்களிட்ட பதில் இல்லை. பிறகு அவவே சொன்னா, கடலுக்கு ஏத்த மாதிரித்தான் வள்ளம் எண்டு. கட்டுமரத்தைக் கரை மணலில் இழுத்து ஏத்தலாம், றோலருக்கு ஆழம் வேணும். சூடைக்கு ஒரு வலை, பாரைக்கு இன்னொரு வலை. சோளகத்துக்கு ஒரு தொழில், வாடைக்கு ஒரு தொழில். “உவ்வளவு பெரிய கப்பலை விடுறவன் ஒரு கணக்கும் பாக்காமலோ விடுவான்?”

நாங்கள் எல்லாரும் கலைப்பீடம். கப்பலுக்கும் எங்களுக்கும் தூரம். எண்டாலும் அந்தக் கேள்வி விடவில்லை. கன்ரீனில் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, ஃபோனில் தேடித் தேடி, ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கை எழுதிப் பார்த்தோம்.

முதலாவது கணக்கு லீவு. பயணிக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்பதிலிருந்துதான் பயணமும் கப்பலும் பிறக்கின்றன. மூன்று நாலு நாள் பயணத்துக்கு வருபவர்கள் வெள்ளி பின்னேரம் ஏறி திங்கள் காலை வேலைக்குப் போகிற ஆட்கள். அவர்களுக்குப் பெரிய அறை தேவையில்லை, ஏனென்றால் அறையில் இருக்கப் போவதில்லை. ஆட்டம் பாட்டு, நீச்சல் தடாகம், கசினோ இருந்தால் போதும். மூன்று மாதம் உலகத்தைச் சுற்ற வருபவர்கள் அனேகமாக ஓய்வுபெற்றவர்கள். அவர்களுக்கு உடுப்பு வைக்க அலுமாரி வேணும், தோய்க்க வசதி வேணும், புத்தகம் வாசிக்க அமைதியான இடம் வேணும். ரெண்டு கூட்டத்தையும் ஒரே கப்பலில் ஏத்தினால் ரெண்டு பேரும் திட்டுவார்கள்.

இரண்டாவது கணக்கு இரவு. கப்பல் இரவில் ஓடி, விடிய அடுத்த துறைமுகத்தில் நிற்கவேண்டும். மணிக்கு 18 கடல்மைல் வேகத்தில் பத்து மணித்தியாலம் ஓடினால் 180 கடல்மைல், கிட்டத்தட்ட 330 கிலோமீற்றர். மயாமிக்கும் பஹாமாஸின் தலைநகர் நசோவுக்கும் இடையில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பஹாமாஸ் பயணங்கள் இவ்வளவு மலிவாகவும் குறுகியதாகவும் இருப்பதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். வேகமாக ஓடினால் எரிபொருள் கூட எரியும். அதனால் ஒரு வயதான, மெதுவான கப்பலுக்கும் கிட்டக் கிட்ட இருக்கிற துறைமுகங்கள்தான் தோது.

மூன்றாவது கணக்கு ஆழமும் அகலமும். பனாமாக் கால்வாயின் பழைய பூட்டுகளுக்குள் நுழைய, கப்பலின் அகலம் ஏறத்தாழ 32 மீற்றருக்குள் இருக்கவேண்டும். அமெரிக்காவின் ராம்பா துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பாலம் இருக்கிறது, உயரமான கப்பல் அதற்குக் கீழால் போகமுடியாது. அதனால் அங்கே எவ்வளவு சனம் ரிக்கற் வாங்கக் காத்திருந்தாலும் மிகப் பெரிய கப்பல்களை அனுப்ப வழியில்லை.

நாலாவது, வெளியில் பார்க்க என்ன இருக்கிறது என்பது. அலாஸ்காவுக்குப் போனால் பனிமலை கப்பலின் ரெண்டு பக்கமும் வரும். அங்கே பல்கனியும் பெரிய கண்ணாடி யன்னலும் இருந்தால் காசு. கரிபியன் கடலில் வெயில்தான் சாமான், அங்கே திறந்த தளமும் தண்ணிச் சறுக்குகளும் வேணும். 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகொன் ஒஃப் த சீஸ்’ 365 மீற்றர் நீளம், ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை ஏத்தும். அந்தக் கப்பலே ஒரு ஊர். அதில் போகிறவர் கரையைப் பார்க்கத்தான் போகிறார் எண்டு சொல்ல ஏலாது. அந்தக் கொம்பனி பஹாமாஸில் ஒரு குட்டித் தீவைக் குத்தகைக்கு எடுத்து, முன்பு படகில் ஆட்களை இறக்கின இடத்தில் பெரிய இறங்குதுறையே கட்டிவிட்டது. கப்பலுக்கு ஏற்ற கரை இல்லாவிட்டால் கரையைச் செய்துவிடலாம், காசு இருந்தால்.

ஐந்தாவதுதான் எங்களைக் கனக்க யோசிக்க வைத்தது: கப்பலின் வயது. புதுக் கப்பல் அனேகமாக ஆள் கூடின, காசு கூடின பாதைக்குப் போகும். வயது போகப் போகப் பாதைகள் மாறும், பெயர் மாறும், சொந்தக்காரர் மாறுவார்கள். கீரிமலையில் நாங்கள் பார்த்த கப்பலின் கதையும் அதுதான்.

அதன் பெயர் ‘எம்பிரஸ்’. பிரான்சின் சென்-நசேர் கப்பல்கட்டும் தளத்தில் கட்டப்பட்டு, ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் ரோயல் கரிபியன் கொம்பனிக்காக 1990இல் ஓடத் தொடங்கியது. 211 மீற்றர் நீளம், 48,563 தொன். மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நாலு நாள் ஓடுவதற்கென்றே வடிவமைத்த கப்பல். அதனால் அறைகள் சின்னன், கசினோ பெரிசு. 2004இல் ‘எம்பிரஸ் ஒஃப் த சீஸ்’ ஆனது. 2008இல் ஸ்பெயின் நாட்டுப் புல்மன்ரூர் கொம்பனிக்குப் போனது. 2016இல் பழைய கொம்பனிக்கே திரும்பி வந்தது. திரும்பி வந்ததிலும் ஒரு கணக்கு இருந்தது. அமெரிக்கர்கள் கியூபாவுக்குப் போக வழி திறந்திருந்த காலம் அது. ஹவானாத் துறைமுகத்தின் வாய் ஒடுக்கம், அந்த வாய்க்கு அடியால் ஒரு சுரங்கப்பாதையும் போகிறது. புதுசு புதுசாகக் கட்டின ராட்சதக் கப்பல்கள் அங்கே சரிவராது. இருபத்தைந்து வயது தாண்டின இந்தக் கப்பல் சரிவந்தது. 2017இல் ஹவானாவுக்கு ஓடத் தொடங்கியது. 2019 யூனில் அமெரிக்க அரசு உல்லாசக் கப்பல்கள் கியூபாவுக்குப் போவதைத் தடுத்தது. பாதை ஒரு நாளில் மூடுப்பட்டது. பிறகு கொரோனா. 2020 டிசம்பரில் கப்பலை வித்துவிட்டார்கள். 2021 செப்டெம்பரில் மும்பாயிலிருந்து ‘கோர்டீலியா’ என்ற இந்தியக் கொம்பனியின் கீழ் மீண்டும் ஓடத் தொடங்கியது.

இப்ப அம்மம்மாவின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. சென்னைப் பயணிகளுக்குச் சின்ன லீவு. அதற்கு ஏற்ற, குறுகிய பயணத்துக்கெண்டே பிறந்த கப்பல். இரவில் ஓடி விடியச் சேரக்கூடிய தூரத்தில் இலங்கையின் கிழக்கும் வடக்கும். யூனில் சோளகம் தெற்குப் பக்கத்தால் அடிக்கிறபோது எங்கள் வடகரைக் கடல் அடங்கியிருக்கும். எல்லாக் கணக்கும் பொருந்துகிறது. இதில் எங்கள் ஊரின் வடிவும் ஒரு வரிதான். ஆனால் அது கடைசி வரி.

இதைக் கண்டுபிடித்ததும் எங்களுக்கு ஒரு மாதிரிப் போச்சு. ஒருத்தன் சொன்னான், “அப்ப அவங்கள் கழிச்ச கப்பல்தானே எங்களுக்கு.” இன்னொருத்தி விடவில்லை. ஹவானாவுக்குப் போனபோதும் அதே கப்பல்தானே, சின்னத் துறைமுகத்துக்குச் சின்னக் கப்பல் வந்தால் அதில் என்ன குறை எண்டு கேட்டாள். சண்டை தேத்தண்ணி ஆறுமட்டும் நடந்தது. கடைசியில் ரெண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரு விசயம்: இந்தக் கணக்கு முழுக்கக் கப்பலின் பக்கத்திலிருந்து போடப்பட்டது. எந்தக் கரை இந்தக் கப்பலுக்குச் சரி எண்டு கேட்கிறார்கள். எந்தக் கப்பல் இந்தக் கரைக்குச் சரி எண்டு கரையில் இருக்கிறவர்கள் கேட்கலாமோ?

கேட்டிருக்கிறார்கள். வெனிஸ் நகரத்துச் சனம் பல வருசம் படகுகளில் இறங்கிப் போராடின பிறகு, 2021 ஓகஸ்ட் தொடக்கம் 25,000 தொன்னுக்கு மேற்பட்ட அல்லது 180 மீற்றரைத் தாண்டின கப்பல்கள் சென் மார்க் சதுக்கத்துக்கு முன்னால் போகமுடியாது எண்டு இத்தாலி சட்டம் போட்டது. எங்களுக்குச் சின்னக் கப்பலாகத் தெரிகிற ‘எம்பிரஸ்’ அங்கே உள்ளே விடமுடியாத பெரிய கப்பல். அந்தாட்டிக்காவில் 500 பேருக்கு மேல் ஏத்தின கப்பல் ஆட்களைக் கரையில் இறக்கவே கூடாது, மற்றக் கப்பல்களும் ஒரு நேரத்தில் 100 பேருக்கு மேல் இறக்கமுடியாது. சனமே குடியிருக்காத ஒரு கரைக்குக்கூட, அதன் பக்கத்திலிருந்து யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் கரையின் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் என்ன வரும்? உல்லாசக் கப்பலுக்குள் சாப்பாடு இருக்கிறது, படுக்கை இருக்கிறது, கடை இருக்கிறது. வருகிறவர் எங்களிட்டச் சில மணித்தியாலம் நிற்பார், பின்னேரம் போய்விடுவார். வரட்டும், வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. வழிகாட்டிக்கும் பஸ்காரருக்கும் ஒரு நாள் உழைப்பு. ஆனால் எங்களுக்கு இங்கிருந்து போகவும் ஒரு கப்பல் வேணும்.

அந்தக் கப்பலும் வந்தது. அதே வருசம் ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பயணிகள் படகு ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 110 கிலோமீற்றர், நாலு மணித்தியாலம். நூற்றைம்பது பேரளவில் ஏறலாம். நீச்சல் தடாகம் இல்லை, கசினோ இல்லை, கதிரை இருக்கிறது. ஆனால் தொடங்கின மாதம் ஒக்டோபர். வாடைக்கடல் எழும்புகிற நேரம். சில நாளில் சேவை நின்றது. பிறகு 2024 ஓகஸ்டில்தான் வேறொரு படகோடு மீண்டும் தொடங்கியது. எந்தக் காலத்துக்கு எந்தக் கப்பல் எண்ட கணக்கை உல்லாசக் கப்பலுக்கு எவ்வளவு கவனமாகப் போட்டார்களோ, அந்தக் கவனம் எங்கட சனம் போய்வருகிற படகுக்கு ஏன் இல்லாமல் போனது எண்டு கேட்கத் தோன்றியது. கேட்கிறதுக்கு முதல் எங்களையும் கேட்டுக்கொண்டோம். உல்லாசக் கப்பலைப் பார்க்க விரிவுரையை விட்டிட்டு ஓடின நாங்கள், அந்தப் படகு வந்த அண்டைக்கு ஒருத்தரும் போகவில்லை. அது நின்றுபோனதும் கன நாள் கழித்துத்தான் தெரியும்.

கொப்பியைக் கொண்டுபோய் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். லீவு, இரவு, ஆழம் எல்லாத்துக்கும் “பின்ன?” எண்டு தலையாட்டினா. தனக்கு முன்னமே தெரியும் எண்டு அர்த்தம். கப்பல் 1990இல் ஓடத் தொடங்கினது எண்டு வாசித்தபோது மட்டும் நிப்பாட்டச் சொன்னா.

“எந்த வருசம்?”

“90 அம்மம்மா.”

“அப்ப அதுவும் எங்களோட வெளிக்கிட்டது.” கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அது இஞ்ச வந்து சேந்திட்டுது” எண்டா.

எங்களுக்கு அடுத்த பக்கத்தை வாசிக்க மனம் வரவில்லை. அவவே கேட்டா, நாகபட்டினப் படகு இப்ப ஓடுதோ எண்டு. அவவின் தங்கச்சி அந்த 90இலேயே வள்ளத்தில் ஏறி அக்கரைக்குப் போனவ. இன்னும் தமிழ்நாட்டில் ஒரு முகாமில்தான். முப்பது வருசத்துக்கு மேல் ஃபோனில் கதைத்ததுதான்.

“வாடைக்குள்ள வேண்டாம். எனக்குச் சத்தி வரும். சோளகம் பிறக்கட்டும்” எண்டா.

அம்மம்மாவிடம் பாஸ்போட் இல்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரம் மயிலிட்டி வீட்டோடு போனது. இந்தக் கிழமை அதன் பிரதி எடுக்கப் போகிறோம். படத்துக்கு எந்தச் சீலை கட்டுறது எண்டு இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறா.